மார்க் வாங்கிய மாணவிக்கு மட்டை கிடைத்தது!

ஹாக்கி என்றதும் நமக்கு தயான் சந்த் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் யாரிடமாவது 'ஹாக்கி பிடிக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள்... பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஐஸ் ஹாக்கியைப் பற்றித்தான் பேசுவார். புல்தரையில் ஆடும் நம்ம ஹாக்கிக்கு அங்கே 'ஃபீல்டு ஹாக்கி' என்று தனிப்பெயர். இன்னொரு ஆச்சரியமும் உண்டு. அந்த ஊர்ப் பள்ளி, கல்லூரிகளில் ஃபீல்டு ஹாக்கி ஆடுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள். 'பையன்கள் ஹாக்கி ஆடுவார்களா?' என்று வியந்து கேட்கிறவர்கள்கூட அங்கே இருக்கிறார்கள்!

அப்படிப்பட்ட ஊரில் ஃபீல்டு ஹாக்கி, லாக்ராஸ் என்ற இரண்டு ஆட்டங்களிலும் தேசிய அளவுக்குப் போய், படிப்பிலும் பேராசிரியராக உயர்ந்தவர் டினா ஸ்லோன் கிரீன். 1944-ல் பிறந்த ஃபிலடெல்ஃபியாக்காரர். அமெரிக்க மகளிர் லாக்ராஸ் தேசிய அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண். கல்லூரி மகளிர் லாக்ராஸ் அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மார்க் ஷீட்!

அந்தக் கதைக்குப் போகும் முன், லாக்ராஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

நீளமான கம்பு. அதன் நுனியில் சின்ன வலை. டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சிறிய, கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையில் பிடித்து, ஓடி, இன்னொருத்திக்கு வீசி, ஆறடிக்கு ஆறடி இருக்கும் கோலுக்குள் எறிய வேண்டும். வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் பல நூறு ஆண்டுகளாக ஆடிவரும் ஆட்டம் இது. அவர்களுக்கு அது விளையாட்டு மட்டுமல்ல, வழிபாடும் வைத்தியமும்கூட. பிரெஞ்சுக்காரர்கள் வந்து வைத்த பெயர்தான் லாக்ராஸ்.

ஆண்கள் ஆட்டத்தில் ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளலாம். பெண்கள் ஆட்டத்தில் இடிக்கக் கூடாது. அணிக்கு 12 பேர். பெண்கள் மட்டையின் வலை அவ்வளவு ஆழமாக இருக்காது. சும்மா பிடித்துக்கொண்டு ஓடினால் பந்து துள்ளி வெளியே விழுந்துவிடும். அதனால் மட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும். அந்த அசைவுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'தொட்டில் ஆட்டுவது'. ஆமாம், குழந்தையைத் தூங்க வைப்பதற்கு நாம் சொல்கிற அதே சொல்தான்! பின்னால் மூன்று பேர் துரத்திவர, முழு வேகத்தில் ஓடிக்கொண்டே தொட்டில் ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹாக்கியும் லாக்ராஸும் ஆடும் பெண்கள் அமெரிக்காவில் நிறைய. காரணம் ரொம்ப எளிது. கல்லூரிகளில் ஹாக்கி சீசன் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, லாக்ராஸ் பிப்ரவரி முதல் மே வரை. ஒன்றோடொன்று மோதாது. ஒரு மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்த மட்டையை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் செமஸ்டர் தேர்வு ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

சீமாட்டிகளின் ஆட்டம்

பெண்கள் ஹாக்கியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1901-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கோடைக்கால வகுப்புக்கு வந்தவர், கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹாக்கி ஆடிக் காட்டினார். பிறகு ஒவ்வொரு பெண்கள் கல்லூரியாகப் போய்க் கற்றுக்கொடுத்தார். ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய பிரின் மார் கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 107 வயது வரை வாழ்ந்தார் என்பது கூடுதல் தகவல்! லாக்ராஸை அமெரிக்கப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தியவர் ரோசபெல் சின்க்ளேர். 1926-ல், பால்டிமோர் நகரத்தில் இருக்கும் பிரின் மார் பள்ளியில். (பெயர் ஒன்றுதான், இடம் வேறு. குழம்ப வேண்டாம்.)

இந்த இரண்டு ஆட்டங்களும் வேர்விட்ட இடங்களைக் கவனியுங்கள். தனியார் பள்ளிகள், வசதியானவர்களின் மகள்கள் படிக்கும் கல்லூரிகள், கிளப்புகள். பெரிய புல்வெளி வேண்டும், மட்டை வாங்கக் காசு வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். 'கறுப்பினப் பெண்கள் உள்ளே வரக் கூடாது' என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. அவர்கள் படித்த பள்ளிகளில் இந்த ஆட்டங்களே கிடையாது என்றால், எப்படி வருவார்கள்?

டினா உள்ளே வந்தது எப்படி?

ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கென்றே ஓர் அரசுப் பள்ளி உண்டு. 'கேர்ள்ஸ் ஹை' என்று ஊரே அழைக்கும். 1848-ல் தொடங்கியது. கட்டணம் கிடையாது. ஆனால், நன்றாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இடம். நகரத்தின் எந்த மூலையில் இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும், மதிப்பெண் இருந்தால் சேரலாம். டினாவிடம் மதிப்பெண் இருந்தது, சேர்ந்தார். அந்தப் பள்ளியில்தான் ஹாக்கியும் இருந்தது!

'விளையாடப் போனால் படிப்பு கெட்டுவிடும்' என்று சொல்லும் அப்பா, அம்மாக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். டினா விஷயத்தில் படிப்புதான் மைதானத்தின் கதவைத் திறந்தது. படிக்காமல் இருந்திருந்தால் அவர் கைக்கு ஹாக்கி மட்டை வந்திருக்கவே வாய்ப்பில்லை.

வெஸ்ட் செஸ்டர் என்ற பட்டறை

பள்ளி முடிந்ததும் டினா சேர்ந்தது வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே 40 கிலோமீட்டர். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் பெயர் பெற்ற இடம். ஹாக்கியைத் தொடர்ந்தார், லாக்ராஸ் மட்டையையும் கையில் எடுத்தார். உடல்நலம் மற்றும் உடற்கல்வியில் 1966-ல் பட்டம் வாங்கினார்.

இந்தக் கல்லூரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1960-களிலும் 70-களிலும் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் வானி கிராஸ். அவரே ஹாக்கி, லாக்ராஸ் இரண்டிலும் அமெரிக்காவுக்காக ஆடியவர். அவருடைய மாணவிகளில் ஒருவர் காரன் ஷெல்டன். இவரும் இரண்டு ஆட்டக்காரர்தான். அமெரிக்காவின் சிறந்த கல்லூரி ஹாக்கி வீராங்கனை விருதை மூன்று முறை வாங்கினார். இன்னொருவர் கோல்கீப்பர் க்வென் சீஸ்மன்.

பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்ஸில் முதன்முதலாகச் சேர்ந்தது 1980 மாஸ்கோவில். தகுதி பெற்றிருந்தும் அமெரிக்க அணி போகவில்லை. அரசியல் காரணங்களுக்காக அமெரிக்கா ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்த ஒலிம்பிக்ஸ் அது. (அந்தப் போட்டியில் நம் இந்தியப் பெண்கள் நான்காவது இடம் பிடித்தார்கள்!) 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் வானி கிராஸ்தான் அமெரிக்க அணியின் பயிற்சியாளர். காரனும் க்வென்னும் அணியில். தங்கள் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு கேலரியில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா 0-2 என்று தோற்றது. கணக்குப் போட்டால், மூன்றாவது இடத்தில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அச்சு அசலாகச் சமம்! உடனே கீழே இறங்கி வந்து பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்க வேண்டியதாயிற்று. க்வென் கோலில் நிற்க, 10-5 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். சினிமாவில் வைத்தால் 'ரொம்ப ஓவர்' என்போம்.

காரன் ஷெல்டன் கதையும் அத்தோடு முடியவில்லை. 1981-ல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனவர், 42 சீசன் அங்கேயே இருந்தார். 10 தேசிய சாம்பியன் பட்டங்கள். ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தது, முந்தைய சீசன் வரை அதே அணியில் ஆடிய எரின் மாட்சன். வயது 22! 2023-ல் பொறுப்பேற்று, அந்த வருடமே பட்டத்தையும் வென்றுவிட்டார். நேற்று வரை பக்கத்தில் நின்று ஆடிய தோழிகளுக்கு இன்று பயிற்சியாளர்... அதை எப்படிச் சமாளித்தாரோ, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சம்பளம் இல்லாத தேசிய அணி

டினாவிடம் திரும்பி வருவோம். பட்டம் வாங்கியதும் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு; 1970-ல் முதுகலைப் பட்டம். அதே ஆண்டுகளில்தான் தேசிய லாக்ராஸ் அணி. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவுக்காக ஆடினார். 1969-ல் தேசிய ஹாக்கிக் குழுவிலும் இடம்.

வரிசையாகச் சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது. அந்தக் காலத்துத் தேசிய அணி என்றால் சம்பளம், ஸ்பான்சர், விளம்பரம் எதுவும் கிடையாது. வாரம் முழுக்க வகுப்பு எடுத்துவிட்டு, கிடைக்கிற நேரத்தில் பயிற்சி. இதில் மேற்படிப்பு வேறு. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே 1968-ல்தான். அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த வருடத்தில், வெள்ளைக்காரப் பெண்களின் ஆட்டம் என்றே பெயரெடுத்த ஒன்றில், தேசிய அணியின் சீருடையில் ஒரே ஒரு கறுப்பினப் பெண்ணாகக் களத்தில் இறங்குவது, நன்றாக ஆடத் தெரிந்தால் மட்டும் முடிகிற காரியமில்லை.

பெண்கள் விளையாட்டின் நிலைமையும் அன்று வேறு மாதிரி. கல்லூரி அளவில் பெண்கள் விளையாட்டை நடத்துவதற்கென்று ஓர் அமைப்பு உருவானதே 1971-ல். அதுவும் தொடக்கத்தில், விளையாடுகிற பெண்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது என்று சட்டம் வைத்திருந்தது! 'ஆண்கள் விளையாட்டில் காசு நுழைந்து படிப்பு கெட்டதுபோல இங்கேயும் ஆகிவிடக் கூடாது' என்ற நல்லெண்ணம்தான். ஆனால், பணம் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த நல்லெண்ணம் மூடிய கதவாகத்தான் இருந்தது. வழக்குப் போட்ட பிறகு 1973-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்கு முந்தைய வருடம், 1972 ஜூன் 23 அன்று, அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற 'டைட்டில் 9' சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால், அமெரிக்கப் பெண்கள் விளையாட்டைத் தலைகீழாக மாற்றியது அந்தச் சட்டம்தான்.

கதவு திறந்த நேரத்தில் டினா சரியான இடத்தில் இருந்தார். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றிவிட்டு, 70-களின் நடுவில் டெம்பிளுக்கு வந்தார். லாக்ராஸ் பயிற்சியாளர் மட்டுமல்ல, ஆசிரியரும்கூட. காலையில் வகுப்பறை, மாலையில் மைதானம்.

19-க்கு 19

டெம்பிள், பணக்காரக் கல்லூரி இல்லை. நகரத்தின் நடுவில், சுற்றிலும் எளிய மக்கள் வாழும் பகுதியில் இருக்கிற பல்கலைக்கழகம். எதிரணிகளுக்கோ சின்ன வயதிலிருந்தே தனியார் பள்ளிகளில் லாக்ராஸ் ஆடிப் பழகிய பெண்கள் வருவார்கள். அந்த அணிகளை வைத்துக்கொண்டு டினாவின் டெம்பிள் என்ன செய்தது தெரியுமா?

1982-ல் தேசிய சாம்பியன். அந்த ஒரே வருடத்தில் மட்டும் இரண்டு அமைப்புகள் பெண்களுக்குத் தனித்தனியாகத் தேசியப் போட்டி நடத்தின. பெண்களின் பழைய அமைப்பு நடத்திய கடைசிப் போட்டியில் வென்றது டெம்பிள். ஆண்கள் போட்டிகளை மட்டுமே நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. புதிதாகத் தொடங்கிய போட்டியில் வென்றது மசாசூசெட்ஸ். 'பழைய போட்டியில்தானே ஜெயித்தார்கள்' என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அதற்கும் பதில் வந்தது. 1984-ல் என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தில் மேரிலாந்தை 6-4 என்று வீழ்த்தி மறுபடி சாம்பியன்!

உச்சம் 1988. அந்த சீசனில் டெம்பிள் ஆடியது 19 ஆட்டங்கள். வென்றது 19. இறுதி ஆட்டத்தில் பென் ஸ்டேட் அணியை 15-7 என்று புரட்டிப் போட்டது. அந்த அணியின் முன்வரிசை நட்சத்திரம் கெயில் கம்மிங்ஸ், அவரும் கறுப்பினப் பெண். பின்னாளில் பயிற்சியாளராகி, ஸ்கிட்மோர் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் ஆனார்.

1992-ல் பயிற்சியாளர் பணியை டினா விட்டபோது அவருடைய கணக்கில் 200-க்கும் மேற்பட்ட வெற்றிகள். 1997-ல் தேசிய லாக்ராஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. வகுப்பறையை மட்டும் அவர் விடவில்லை. டெம்பிளிலேயே பேராசிரியராகத் தொடர்ந்து, ஓய்வுக்குப் பிறகு தகைசால் பேராசிரியர் என்ற மதிப்பையும் பெற்றார்.

இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவிகளுக்குப் படிப்பு விஷயத்தில் கறாரான விதிகள் உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவிகிதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெஞ்சில்கூட உட்கார முடியாது. சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்றும் விதி. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலோ விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆசைக்காக மட்டும் ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டமும் ஆடி, படிப்பிலும் பரிசு வாங்கும் பெண்கள் அங்கேதான் அதிகம். முதல் பிரிவில் இப்போதெல்லாம் ஓர் ஆட்டத்துக்கே வருடம் முழுக்க நேரம் போய்விடுகிறது. டினா, காரன் போல இரண்டு மட்டை பிடிப்பவர்கள் அங்கே அருகிவருகிறார்கள். இது கொஞ்சம் வருத்தமான மாற்றம்தான்.

கதவை யார் திறப்பது?

டெம்பிளில் இருந்தபோதே டினாவுக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. விளையாட்டில் சாதித்த கறுப்பினப் பெண்களைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம்கூட ஏன் இல்லை? 1981-ல், ஆல்ஃபா அலெக்சாண்டர், நிக்கி ஃப்ராங்கி, கரோல் ஓக்லெஸ்பி ஆகியோருடன் சேர்ந்து அவரே எழுதிவிட்டார். 'விளையாட்டில் கறுப்பினப் பெண்கள்' என்பதுதான் புத்தகத்தின் பெயருக்குப் பொருள்.

இதில் நிக்கி ஃப்ராங்கி யார் என்று சொன்னால்தான் அந்தக் கூட்டணியின் பலம் புரியும். ஒலிம்பிக்ஸில் ஆடிய வாள்வீச்சு வீராங்கனை. டெம்பிளில் வாள்வீச்சு அணியை உருவாக்கி 50 ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர். லாக்ராஸ், வாள்வீச்சு... இரண்டுமே 'உங்களுக்கு எதற்கு இந்த ஆட்டம்?' என்று கறுப்பினப் பெண்களைப் பார்த்துக் கேட்கக்கூடிய ஆட்டங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் கறுப்பினப் பெண்களே தலைமைப் பயிற்சியாளர்கள்!

1992-ல் டினா, நிக்கி, ஆல்ஃபா, சட்டப் பேராசிரியர் லிண்டா கிரீன் நால்வரும் சேர்ந்து, கறுப்பினப் பெண்களுக்கான விளையாட்டு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிஸ், கோல்ஃப், வாள்வீச்சு, லாக்ராஸ் என்று பணக்கார ஆட்டங்களாகப் பார்த்துக் கற்றுக்கொடுப்பதும், கூடவே படிப்புக்கு வழிகாட்டுவதும் அதன் வேலை. கூடைப்பந்தும் ஓட்டமும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே கிடைத்துவிடும். காசு கொடுத்தால்தான் கற்க முடியும் என்கிற ஆட்டங்களைத் தேடிப் பிடித்துச் சொல்லித்தந்ததுதான் கெட்டிக்காரத்தனம். அந்த ஆட்டங்களில்தான் கல்லூரி இடங்களும் ஸ்காலர்ஷிப்பும் போட்டி குறைவாக இருக்கின்றன என்பது, கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவருக்குத் தெரியாதா என்ன?

டினாவின் மகள் ட்ரேசி கிரீன் எடுத்துக்கொண்டது டென்னிஸ் மட்டையை. ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியில் ஆடி, 1998-ல் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற குழுவில் இருந்தார். முதலில் அம்மாவின் டெம்பிளில் டென்னிஸ் பயிற்சியாளர். 2007-ல் ஹார்வர்டு மகளிர் டென்னிஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ 1901-ல் ஹாக்கி ஆடிக் காட்டிய அதே ஹார்வர்டில், தலைமைப் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் ட்ரேசிதான்.